காணாததும் இல்லாததும்

நெருப்பெரிச்சல் வட்டாரப் பனியன் கம்பெனியில் 3,000 பீஸ் கொண்ட லாட் ஒன்று ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தால், வழக்கமான ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 அட்டவணைப்படி 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். குறையுள்ளவை ஏழுவரை என்றால் பாஸ், எட்டு என்றால் ஃபெயில். நூற்றுக்கு ஐந்து பீஸ் குறையுள்ள லாட்கூட இந்தச் சோதனையில் பத்துக்கு ஏழு தடவை தப்பிவிடும். கணக்குப் போட்டால் தெரியும். பாஸானதில் பழுதே கிடையாது என்று அங்கே யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் புள்ளியியல் ஆய்வென்று வந்தால் மட்டும் ஏமாறுகிறோம். ‘வேறுபாடு இல்லை’ என்ற கருதுகோளை மறுக்கத் தரவு போதாமல் போனால், வேறுபாடு இல்லை என்றே நிரூபணமாகிவிட்டதாகப் பேசுகிறோம்.

காணாமையிலிருந்து இன்மைக்குப் போகலாமா என்பது நம் தத்துவ மரபில் பழைய வழக்கு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் அபாவத்தை, அதாவது இன்மையை, அறியும் வழிகளான அளவைகளுள் ஒன்றாக எண்ணியே, பிறகு காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அனைத்தையும் அடக்குகிறது. பௌத்தரான தர்மகீர்த்தி வைத்த நிபந்தனைதான் எனக்குக் கூர்மையாகப் படுகிறது: இருந்தால் கண்ணில் பட்டே தீரும் என்கிற பொருள் படாதபோதுதான் இல்லை எனலாம். தரையில் குடம் இல்லை என்று இப்படிச் சொல்லலாம். பேய் இல்லை என்று சொல்ல இது போதாது. சோதனையின் திறன் என்று புள்ளியியலார் கணக்கிடுவது இந்த நிபந்தனையைத்தான்.

வானியலாளர் ஜயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிரத்தில் நடத்தி 2009இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஜோதிட ஆய்வு இந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது. படிப்பில் சிறந்த 100 மாணவர்கள், அறிவுத்திறன் குறைபாடுள்ள 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களை வைத்துக்கொண்டு, 27 ஜோதிடர்களிடம் தலா 40 கொடுத்துப் பிரித்துச் சொல்லக் கேட்டார்கள். சராசரியாகச் சரியானது 46 சதவீதம். அதிகம் சரியாகச் சொன்னவருக்கே 40க்கு 24தான். பத்துக்கு ஏழு சொல்லும் வல்லமை இருந்திருந்தால், 1,080 விடைகளில் அது ஒளிந்திருக்க முடியாது. (46 பாதிக்கும் குறைவு என்பதால், ஜோதிடர் சொன்னதைத் திருப்பிப் போட்டால் பலிக்கும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதே 200 ஜாதகங்களே பலரிடமும் போயின; விடைகள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல.)

ஜாதகம் அறிவைச் சொல்வதில்லை, வினையைச் சொல்கிறது என்று பதில் வரலாம். வரட்டும், இந்தச் சோதனை வினையைத் தொடவில்லை. ஆனால் அப்படிச் சொல்கிறவர், ஜாதகம் பார்த்துப் பிள்ளையின் படிப்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பகுத்தறிவாளருக்கும் இதே கண்டிப்பு உண்டு. அமெரிக்காவில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாதவர்களில், பிரார்த்தனை நடந்தவர்களுக்கு 52 சதவீதம், நடக்காதவர்களுக்கு 51 சதவீதம் சிக்கல் வந்தது. முன்பின் அறியாதவர்கள் சில நாள் பிரார்த்தித்தால் சிக்கல் கணிசமாகக் குறையும் என்ற எதிர்பார்ப்பு அங்கே தோற்றது. ஆனால் பிரார்த்தனைக்குச் செவிசாய்ப்பவரே இல்லை என்று அதிலிருந்து சொல்ல முடியாது; அப்படி ஒருவர் இருந்தால் கேட்டதையெல்லாம் கொடுத்தே தீர்வார் என்று எந்தச் சமயமும் அந்த ஆய்வாளர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.