தெரிவுரிமையும் தெளிவும்: ஒரு சத்திரசிகிச்சையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தன் உடலைப் பிறரொருவரின் கையில் ஒப்படைக்குமுன், அவர் அதற்குத் தகுதியுடையவரா என்று தேர்ந்தறிதல் ஒப்படைப்பவரின் கடமை என்பர். ஆனால் அவ்வாறு தேர்தற்குரிய அறிவு ஒப்படைப்பவருக்கு இல்லையாயின் அக்கடமை யாரைச் சாரும்? இவ்வினா மெய்யியலுக்குப் புதியதன்று. மருத்துவம் அறியாத ஒருவன் உண்மை மருத்துவனையும் போலி மருத்துவனையும் வேறுபிரித்து அறிதல் கூடுமோ என்னும் ஐயத்தைப் பிளேட்டோவின் 'கார்மிடீஸ்' உரையாடலிற் சோக்கிரட்டீஸ் எழுப்புகிறார். கூடாது என்பதே அங்கு வாதம் செல்லும் திசை. இதனை வெறுங் கருத்துநிலையில் நிறுத்திவிடாது வாழ்க்கை நிலைமையொன்றில் வைத்து நோக்குதல் பயனுடைத்து. ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறைக் குடும்பத்தினர், உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு நிபுணரைத் தெரிவுசெய்யும் நிலைமை அதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அந்நாட்டுப் படையினர், ஓய்வுபெற்றோர், அவர்தம் குடும்பத்தினர் என 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 'ட்ரைகெயர்' என்னும் சுகாதாரக் காப்புத் திட்டத்துள் அடங்குவர். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியகற்றும் சிகிச்சையும், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறுபையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் மாற்றுவழிச் சிகிச்சையும் அத்திட்டத்தின்கீழ் உண்டு. அவற்றைப் பெற உடற்றிணிவுச் சுட்டி 40 ஆகவோ அதற்கு மேலாகவோ இருத்தல் வேண்டும். 35க்கும் 40க்கும் இடைப்பட்டதாயின் பருமனோடு தொடர்புற்ற கடும் நோயொன்று இருத்தல் வேண்டும். செயற்சேவையிலுள்ள படையினருக்கு இச்சிகிச்சை வழங்கப்படுவதில்லை. ஆகவே இங்கு தெரிவுசெய்வோர் ஓய்வுபெற்றோரும் படையினரின் குடும்பத்தினருமே ஆவர்.

இத்திட்டத்தின் 'பிரைம்' பிரிவினர் தம் முதனிலை மருத்துவரின் பரிந்துரை வழியே நிபுணரை அடைதல் வேண்டும். அருகிலுள்ள படைத்துறை மருத்துவமனை அச்சிகிச்சையை அளிக்க வல்லதாயின் முதலுரிமை அதற்கே. 'செலெக்ட்' பிரிவினரோ திட்டம் ஏற்றுக்கொண்ட நிபுணருள் தாம் விரும்பியவரை நாடலாம். முன்னது கட்டுப்பாடு, பின்னது சுதந்திரம் எனத் தோன்றும். ஆயின் அச்சுதந்திரம் உடையவரின் கையில் இருப்பது ஒரு பெயர்ப்பட்டியல். இவர் உரிமம் பெற்றவர், திட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டவர் என்பதை அப்பட்டியல் கூறும். இவரது கை எத்தகையது என்பதை அது கூறாது.

கை வேறுபடும் என்பதற்குச் சான்று உண்டு. 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த 20 நிபுணர்கள் தாம் செய்த மாற்றுவழிச் சிகிச்சையின் ஒளிப்பதிவொன்றை ஒவ்வொருவராக அளித்தனர். செய்தவர் இன்னார் என்று அறியாத சக நிபுணர்கள் அவற்றைப் பார்வையிட்டுக் கைத்திறனுக்குப் புள்ளியிட்டனர். கடைக் காற்பகுதியில் அமைந்தோரின் நோயாளருள் 14.5 சதவீதத்தினர் சிக்கல்களுக்கு உள்ளாயினர். முதற் காற்பகுதியினரிடத்து இது 5.2 சதவீதமே. இறப்பு வீதம் முறையே 0.26, 0.05 சதவீதம். பட்டியலில் இவர்கள் யாவரும் ஒரே தகுதியினராகவே தோன்றுவர். திறனை அளத்தல் இயலும் என்பதையும், அதனை அளக்க வல்லவர் சக நிபுணரே என்பதையும் இவ்வாய்வு ஒருங்கே காட்டுகின்றது.

திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரம் உண்டு. ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்புதல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் அங்கு தெரிவுசெய்பவன் அரசன். சோதித்தற்குரிய அதிகாரமும் கால அவகாசமும் அவனுக்குண்டு. நோயாளிக்கோ சோதனை என்பதே சிகிச்சைதான்; அதன் முடிவைத் தாங்கவேண்டியதும் அவருடலே. அரசனுக்குரிய கடமையை அரசனுக்குரிய வசதிகளின்றி அவர்மீது சுமத்திவிட்டு, தவறு நேர்ந்தவிடத்து "நீரே தெரிந்துகொண்டீர்" என்பது நீதியாகாது.

அங்ஙனமாயின் தெரிவை அறிந்தோரிடமே விட்டுவிடலாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. எனினும் முற்றாக ஏற்கத்தக்கதுமன்று. நிறுவனத்துக்குத் தன் செலவும் தன் வசதியும் உண்டு. அன்றியும் இத்தெரிவில் இரு கூறுகள் உள. கைத்திறனை மதிப்பிடுதல் ஒன்று. எவ்வாழ்வை ஏற்பது எனத் துணிதல் மற்றொன்று. இச்சிகிச்சைக்குப்பின் உணவுமுறை மாறும்; உயிர்ச்சத்துக்களை ஆயுள் முழுதும் உட்கொள்ள நேரும்; தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது. சில ஆண்டுகளுக்கொருமுறை இடமாற்றம் பெறும் படையினரின் துணைவிக்கு, இன்று கத்தியெடுப்பவர் நாளை அருகிலிருப்பாரா என்பது பெரும் வினா. 2016 இல் வந்த தொடராய்வு, ஓராண்டின் பின்னரான எடையிழப்பு நிபுணரின் கைத்திறனுக்கேற்ப வேறுபடக் காணவில்லை. கை முதல் நாட்களைக் காக்கின்றது. பின்வரும் ஆண்டுகளுக்கு வேறு துணைகளும் வேண்டும். அவை எவை என்பதை அவ்வாழ்வை வாழ்பவரே நன்கறிவார்.

இவ்விடத்தில் வெட்கம் என்னும் தடையையும் நோக்குதல் வேண்டும். பருமனுடையோரைத் தம் நிலைக்குத் தாமே குற்றவாளிகள் என உலகம் பழக்கியுள்ளது. உடலின் அளவே ஒழுங்கின் அளவாகக் கொள்ளப்படும் படைச்சூழலில் அது மேலும் கூர்மையுறும். இத்தகையவர் நிபுணர்முன் விண்ணப்பகாரராகவே அமர்கின்றார். இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர், எத்தனை பேருக்குக் கசிவோ குருதிப்பெருக்கோ நேர்ந்தது, பின்னர் யார் என்னைக் கவனிப்பார் என்று கேட்க அவர் நா எழுவதில்லை. கேட்க அஞ்சுபவருக்கு அளிக்கப்பட்ட தெரிவுரிமை பெயரளவினதே.

ஆகவே சோக்கிரட்டீசின் ஐயத்துக்கு முழுவிடை இல்லையாயினும் ஒரு பகுதி விடை உண்டு. அறியாதவர் திறனை அளக்கவியலாது. ஆனால் கேட்கப்பட்ட வினாவுக்கு நூலின் சராசரியைச் சொல்பவர் யார், தன் சொந்தக் கணக்கைச் சொல்பவர் யார் என்பதை அவரும் அறிவார். அச்சொல்லின் மெய்ம்மையைச் சரிபார்க்கும் பொறுப்பு, அளக்க வல்ல சக நிபுணரையும் பட்டியலை வகுத்த நிறுவனத்தையும் சாரும். தெரிவுரிமையை ஒருவர் கையில் அளிப்போர், தெளிவதற்கு வேண்டியவற்றையும் உடன் அளித்தல் வேண்டும். அறிவு உள்ளவிடத்தே கடமையும் உளது என்பதே இதனால் நாம் பெறும் முடிபாகும்.