வாசலுக்கு வரும் வேடங்கள்



புரட்டாதிச் சனிக்கு நாம் எள்ளெண்ணெய் எரிக்கத் தொடங்கும் நாட்களிலேயே ரொறன்ரோக் கடைகளில் எலும்புக்கூடுகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. ஒக்டோபர் 31ஆம் திகதி வரும் ஹலோவீனுக்கு என்ன வேடம் போடுவது என்று பிள்ளைகள் வீட்டில் கேட்கிறார்கள். "இது எங்கட சமயமா? பிள்ளையை விடலாமோ?" என்று பெற்றோர் கோயிலில் கேட்கிறார்கள். அன்றைய தினம் மாலை ஐந்து மணிக்கு இதைத் தீர்மானிக்கப் போனால் வீட்டில் அழுகைதான் மிஞ்சும். ஆகவே இப்பொழுதே சிந்திப்போம்.

இது அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மக்களின் பழைய வழக்கம். அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் இரவில் இறந்தோர் உலாவுவர் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பின்னாளில் நவம்பர் 1ஆம் திகதி கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாளாயிற்று. அதற்கு முந்திய இரவே ஹலோவீன். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வட அமெரிக்கா வந்தவர்கள் அதையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஊரில் அவர்கள் விளக்குக்காகக் குடைந்தது ரேணிப் கிழங்கு. இங்கே பூசணிக்காய் கிடைத்தது. நாம் பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம் கட்டுவது போலத்தான்.

பேய் என்றதும் சைவர் பதறவேண்டியதில்லை. எம்பெருமான் ஆடுமிடம் சுடலை; அவரைச் சூழ்ந்து நிற்பவை பூதகணங்கள். காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடலை நீக்கிப் பேய் வடிவம் தரும்படி இறைவனிடம் கேட்டுப் பெற்றவர். அறுபத்துமூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, அவர் மட்டும் அமர்ந்திருப்பதை எமது பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோமா? ஹலோவீன் வாரத்தில் அந்த எலும்புருவத்தின் கதையைச் சொன்னால் ரிவியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

ஆனால் ஒன்றை மனம்விட்டுச் சொல்லவேண்டும். இந்நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் நாங்கள் அன்று மாலை வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பேஸ்மென்றில் சத்தமில்லாமல் இருந்தோம். விளக்கில்லாத வீட்டுக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று யாரோ சொல்லித் தந்தார்கள். இரண்டொரு பிள்ளைகள் அப்படியும் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இளையான்குடி மாறனாரைப் பற்றிக் கோயிலில் பேசுகிறவர்கள்தான் நாங்கள். மழை இரவில் வந்த அடியாருக்காக, விதைத்த நெல்லை வயலில் இருந்து வாரி வந்து அமுது படைத்தவர் அவர். அடுப்பெரிக்கக் கூரை வரிச்சை அறுத்தார். அயல்வீட்டுப் பிள்ளை கேட்டதோ ஒரு சொக்லேற். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது வேடம். இதில்தான் எமது சமயத்துக்குச் சொல்வதற்கு நிறைய உண்டு. அடியார் திருவேடத்தை அரன் எனவே தொழவேண்டும் என்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் காட்டும் நெறி. மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன் திருநீறு பூசி, சடைமுடி கட்டி, புத்தகக் கவளிகையில் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். குத்துண்டு விழும்போதும் நாயனார் அந்த வேடத்தையே வணங்கினார். வாளெடுத்த தத்தனைத் தடுத்து, அவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொன்னார். அவன் தப்பிப் போனான் என்ற செய்தி வரும்வரை உயிரைப் பிடித்திருந்தார். இப்படி ஒரு வரலாறு உள்ளவர்கள் உருத்திராக்கத்தையும் சடையையும் ஒருநாட் கூத்துக்கு அணியலாமா? 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பிரபல மொடல் ஹலோவீனுக்குக் காளி வேடம் போட்டபோது இந்துக்கள் பலர் மனம் வருந்தினார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை போட்டாலும் அது அதுதான். கலைவிழா மேடையில் பயபக்தியோடு போடுவது வேறு விஷயம். மற்றவர்களுடைய துறவிகளின் உடையும் விளையாட்டுப் பொருளல்ல.

இராணுவ உடுப்பையும் விளையாட்டுத் துவக்கையும் கூடத் தவிர்த்துக்கொள்ளுங்கள். எமது வீடுகளில் அம்மம்மாவும் அப்பப்பாவும் இருக்கிறார்கள். அயல்வீட்டு மரத்தில் தொங்கும் பொம்மைப் பிணம் பேரனுக்குச் சிரிப்பு. ஊரில் மெய்யாகவே பிணங்களைக் கடந்து நடந்து வந்த கண்களுக்கு அது வேறு. கடந்த காலத்தில் ஒரு தாயார் அப்படி ஒன்றைக் கண்டு, அந்த ஒழுங்கையால் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பிறகுதான் எமக்குத் தெரியவந்தது. ஒரு கிழமைக்கு முன்பே பகல் வெளிச்சத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடவுங்கள். அது துணி, இது பிளாஸ்ரிக் என்று தொட்டுக் காட்டுங்கள். அன்று இரவு மணி அடிக்கும்போது அவர்களைத் தனியே விடவேண்டாம். விரும்பினால் அம்மம்மாவே சொக்லேற் கொடுக்கட்டும்.

இனி விரதம். ஹலோவீனுக்குத் திகதி மாறாது. ஐப்பசி அமாவாசையோ ஆண்டுக்காண்டு நகரும். ஆகவே கேதார கௌரி விரதமோ கந்தசஷ்டியோ அந்த நாளோடு மோதுவதுண்டு. 2024இல் தீபாவளியே ஒக்டோபர் 31இல் வந்தது. பஞ்சாங்கத்தையும் பாடசாலைக் கலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரதம் என்றால் பிள்ளை போய் வாங்கி வரட்டும், பையை மூடிவைத்துப் பாறணைக்குப் பிறகு தின்னட்டும், பொறுத்துப் பழகிவிடும். சைவ உணவுக்காரர் கவனிக்கவேண்டியது ஜெலற்றின். மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது அது. மார்ஷ்மெலோவிலும் பல ஜெல்லி மிட்டாய்களிலும் உண்டு. பையை மேசையில் கொட்டி, உறையை வாசித்துப் பிரிப்பதற்குப் பிள்ளைகளையே பழக்குங்கள். நீங்கள் கொடுப்பதில் நிலக்கடலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்கு அது உயிராபத்து.

வேடத்தை ஒரு அளவு பெரிதாக வாங்கினால் உள்ளே குளிர் அங்கி போடலாம். சின்னவர்களோடு பெரியவர் ஒருவர் போகவேண்டும்.

அன்று மாலைப் பூசை வழமையான நேரத்துக்கே நடைபெறும். போகிற வழியில் பிள்ளைகள் வேடத்தோடு வந்து கும்பிடலாம். முகமூடியைக் கழற்றிச் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டு, நெற்றியில் திருநீற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வாருங்கள்.