ஆள் குறைந்த நாட்டின் யுத்தம்

பண்டைய ராஜ்யங்களை நடத்திப் பார்க்கும் கணினி விளையாட்டுகளில், ஸ்வீடன் நாட்டு பாரடாக்ஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘இம்பெரேட்டர்: ரோம்’ எனக்குப் பிரியமானதற்குக் காரணம், கி.மு. 304-இல் தொடங்கும் அதன் உலகத்தில் ரோமாபுரியை மட்டுமன்றி, கீர்த்தி மிகுந்தும் ஆள் குறைந்தும் போன ஸ்பார்ட்டாவையும் நாம் ஏற்று நடத்தலாம் என்பதே. அத்தகைய நாட்டை ஆள்பவன் முதலில் கற்பது சிக்கனம். கணவாயில் கோட்டையைப் பலப்படுத்தி, பகைவனே வந்து முற்றுகையிடும்படி விட்டு, பட்டினியால் அவன் சேனை மெலிந்த பிறகே தாக்க வேண்டும். கஜானாவில் பொன் இருந்தால் கூலிப்படையை முன்னே நிறுத்த வேண்டும். இப்படி ஜயிக்கலாம், ஐயமில்லை. ஆனால் ஜயித்தபின் பார்த்தால் ஆள்பலம் வற்றிக் கிடக்கும். அது மீண்டும் ஊறுவதற்குள் அடுத்த யுத்தம் வந்துவிடும்.

சரித்திரத்து ஸ்பார்ட்டாவின் கதையும் இதுவே. கி.மு. 479-இல் பிளாட்டேயாவில் 5,000 பூரணப் பிரஜைகளை நிறுத்திய அந்நகரம், 371-இல் லியூக்ட்ராவில் 700 பேரை மட்டுமே நிறுத்தி, அவர்களிலும் 400 பேரைப் பறிகொடுத்தது. யுத்தமே அவர்களைத் தின்றுவிட்டது என்று எண்ணுவது சரியன்று. ஒவ்வொரு பிரஜையும் மாதந்தோறும் பொதுப்பந்திக்கு வாற்கோதுமை மாவும், திராட்சை மதுவும், பாலாடைக்கட்டியும், அத்திப்பழமும் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். நிலம் சிலர் கையிலேயே சேரச் சேர, கொடுக்க வழியற்றுப் போனவன் பந்தியோடு பிரஜா உரிமையையும் இழந்தான். வீரன் உயிரோடுதான் இருந்தான், கணக்கில்தான் இல்லை. ஆள் பஞ்சமே அந்நகரத்தை அழித்தது என்று அரிஸ்டாட்டில் கருதியபோது, அப்பஞ்சத்தில் பெரும்பகுதி அவர்களே உண்டாக்கிக்கொண்டது என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மாஸிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப்பு இதை நன்குணர்ந்தவன். அவன் ஆட்சிக்கு உட்பட்ட லாரிஸா நகரத்தார், புதிதாகச் சேர்த்த பிரஜைகளின் பெயர்களை நீக்கிவிட்டபோது, ரோமர்கள் விடுதலை பெற்ற அடிமைகளையும் பிரஜைகளாக்கிப் பதவிகளில் பங்கு தருவதையும், அதனாலேயே அவர்கள் தேசம் விரிந்ததையும் எடுத்துக்காட்டி அவன் எழுதிய கடிதம் கல்வெட்டாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. பகைவனின் பெருமையைத் தன் பிரஜைகளுக்கு எடுத்துரைத்த அந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

தெம்பும் துணையும் குறையும் பருவத்தில் நம்மில் பலர் ஸ்பார்ட்டாவின் வழியையே பற்றிக்கொள்கிறோம். எஞ்சியதைப் பூட்டி வைக்கவே மனம் விரைகிறது. பிரசவத்துக்கும் சாவுக்கும் கூடமாட ஆள் போதாத வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அங்கெல்லாம் அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை, உரிமையோடு படியேறி வரக்கூடியவர்தாம் இல்லை.

ஆயினும் நெருக்கடியில் கதவைத் திறப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. கி.மு. 227-இல் ஸ்பார்ட்டா மன்னன் மூன்றாம் கிளியோமினீஸ், பிரஜா உரிமை இல்லாதிருந்த சுற்றூர்வாசிகளைப் பிரஜைகளாக்கி 4,000 காலாள் வீரரைத் திரட்டினான். ஐந்தே ஆண்டுகளில் செல்லாசியாவில் அவன் சைனியம் முறிந்தது. விளையாட்டிலும் அயல் இனத்தாரைச் சமமாக ஏற்றுக்கொள்ளும் காரியம் முற்றுப்பெறப் பல வருஷங்கள் பிடிக்கும். முன்பே உரிமை பெற்றிருந்தவர்களின் அதிருப்தியையும் அதற்கு விலையாகத் தர நேரும். ஆகவே சண்டையில்லாத வருஷங்களிலேயே, அந்த முணுமுணுப்பைச் சகித்துக்கொண்டு, அதை நான் தொடங்கிவிடுகிறேன். வீட்டிலும், எந்த உதவியும் தேவைப்படாத சாதாரண நாட்களிலேயே, மாடியில் குடியிருப்பவர்களைச் சாப்பிட அழைக்கிறேன்.