பிள்ளையின் பெயரில் ஒரு துணிவு

ஸ்டெம் செல் என்றாலே சமய வாதம் கருவைப் பற்றியதாகிவிடுகிறது. உடலின் எதிர்ப்பு அணுக்களே மூட்டுகளைத் தாக்கும் கடுமையான சிறார் மூட்டுவாதத்துக்குச் செய்யப்படும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையில் அந்தக் கேள்வி எழுவதேயில்லை. பிள்ளையின் சொந்த மஜ்ஜையிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ செல்களை எடுத்து உறையவைக்கிறார்கள். கடும் மருந்துகளால் பழைய எதிர்ப்பு அணுக்களை அழிக்கிறார்கள். பிறகு சேமித்ததை ரத்தக்குழாய் வழியே திரும்ப ஏற்றுகிறார்கள். இப்படிச் சொந்த உடலிலிருந்து எடுக்கும் செல்களை 2008-இல் வத்திக்கான் வெளியிட்ட ‘டிக்னிடாஸ் பெர்சோனே’ என்ற ஆவணமும் ஏற்கிறது. இங்கே அறக்கேள்வி வேறு: உடனே உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு பிள்ளையை, அதன் சார்பில் முடிவெடுத்து, சாவின் விளிம்புவரை கொண்டுபோக யாருக்கு அதிகாரம்?

ஐரோப்பிய மையங்களில் இச்சிகிச்சை பெற்ற 34 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. 18 பேருக்கு மருந்தே தேவைப்படாத அளவுக்கு நோய் அடங்கியது. 3 பேர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். பதினெட்டு மூன்றைவிடப் பெரிது என்று கணக்கை முடித்துவிட முடியாது. அந்த மூவர் மற்றவர்களுக்காகத் தங்களைக் கொடுத்தவர்கள் அல்லர். ஆகவே ஒவ்வொரு முடிவுக்குமான நியாயம் அந்தந்தப் பிள்ளையின் வாழ்விலிருந்தே வரவேண்டும். பெற்றோர் பிள்ளைக்கு உடைமைக்காரர் அல்லர், பொறுப்பாளர். தங்கள் அலுப்பையும் ஆசையையும் ஒதுக்கிவைத்தே அவர்கள் கையெழுத்திட வேண்டும்.

பதினெட்டு வயதாகட்டும், பிள்ளையே முடிவெடுக்கட்டும் என்பார்கள். அதற்குள் மூட்டு தேய்ந்துவிடும். நீண்டகால ஸ்டீராய்டால் உயரம் குன்றும். காத்திருப்பதும் பிள்ளையின் பெயரில் எடுக்கும் முடிவுதான். ஆனாலும் இச்சிகிச்சையில் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்து பிற்காலத்தில் மகப்பேற்றைப் பாதிக்கக்கூடும் என்பதால், விவரம் தெரிந்த பிள்ளையிடம் கேட்காமல் தொடங்குவது தவறு. இந்த நோய் வினைப்பயன், அனுபவித்தே தீரவேண்டும் என்போரும் உண்டு. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தாங்கக் கற்றுத்தரலாம். அடுத்தவர் துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்க உரிமை தருவதில்லை. மேலும், அப்படிச் சொல்பவரும் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிறவர்தான். டோசிலிசுமாப் போன்ற புதிய மூட்டுவாத மருந்துகள் வந்தபின் இந்த ஆபத்து தேவையா என்ற கேள்விதான் வலுவானது. அந்த மருந்துகள் பலனளிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து தேவையில்லை. எல்லாம் தோற்ற பிள்ளைக்கு மட்டுமே இந்த வழியைப் பற்றி யோசிக்கலாம். சிகிச்சை வென்றால் எந்தக் காரணமும் சரியாகத்தான் தோன்றும். பிள்ளை பிழைக்காவிட்டாலும் சரியென்று நிற்கக்கூடிய காரணம் இருந்தால் மட்டுமே பெற்றோருக்கு இந்த அதிகாரம் உண்டு.