மருந்துக்கு ஓர் அளவு

சிவகாசியில் மருந்து என்றால் மாத்திரை அல்ல. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவை. ஓர் அறைக்குள் இவ்வளவு மருந்து, இத்தனை ஆள் என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. ஓர் அறை வெடித்தாலும் அடுத்தது தப்ப வேண்டும் என்பது கணக்கு. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது கோடு நகரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகியதை ஊர் மறக்கவில்லை.

அளவுக் கோடு மற்ற இடங்களிலும் தேவை: எதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்?

பக்கத்து ராமநாதபுரத்துக் கடலில் பெண்கள் மூழ்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பறிக்கிறார்கள். ஐஸ்கிரீமுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகும் அகர் அதிலிருந்துதான். பாறையைப் பற்றிய அடியை விட்டுவிட்டு மேலே கிள்ளினால் பாசி மறுபடி தழைக்கும். ஆனாலும் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பறிப்பது என்று அந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

இமயமலையின் துனேர் மரத்துக்குப் பாசியைப் போல் வளரும் அவசரம் கிடையாது. நூற்றாண்டுக் கணக்கில் வாழும் இந்த ஊசியிலை மரம் மெல்லத்தான் பருக்கும். அதற்கும் வினை மருந்தால்தான் வந்தது. மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த வேதியியலாளர் மன்சுக் வானியும் அவருடைய சக ஆய்வாளர் மன்ரோ வாலும், துனேரின் அமெரிக்க உறவான பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கண்டெடுத்த டாக்ஸால் என்ற பொருளின் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். 1992-இல் அது புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பட்டையை உரித்தால் மரம் சாகும். பிரான்சின் வேதியியலாளர் பியர் பொத்தியே வேறு வழி கண்டார்: ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்தே அதே வகை மருந்தைத் தயாரிக்கலாம். இலை மீண்டும் துளிர்க்கும்.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துளிர்க்கும் என்ற தைரியத்தில் இமயமலையில் கிளைகளையே மொட்டையடித்தார்கள். இன்று துனேர், அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பாசியின் வேகமும் முழு வரமல்ல. வளர்ப்புக்காக வெளியிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி, அதே ராமநாதபுரத்துக் கடலின் குருசடைத் தீவருகே பவளப்பாறைகள் மேல் படர்ந்து மூடியது. வேகமா மெதுவா என்பதைவிட, கை எந்த இடத்தில் கிள்ளுகிறது, எப்போது நிற்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது.

மனித உடம்பிலும் மறுபடி தழைப்பதும் தழைக்காததும் உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் சிவகாசிப் பெண்ணுக்கு ஒரு நாள் இடுப்புவலி பாசி மாதிரி; தூங்கி எழுந்தால் தேறிவிடும். நுரையீரலும் கண்ணும் விரலும் துனேரின் பட்டை. கூலிச் சீட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் விழும்.

மாலையில் ஆலை வேன்கள் கிராமங்களுக்குத் திரும்புகின்றன. ஜன்னல் கம்பியைப் பிடித்த கைகளில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னுகிறது. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டால் அது போய்விடும். மூச்சோடு உள்ளே போனதற்குச் சோப்பு இல்லை.