தோட்ட வேலை தாழ்ந்த வேலையா?

 



அபுத்தர்தா (ரலி) அவர்கள் திமிஷ்க் நகரின் காழியாக இருந்த நபித்தோழர். ஒருநாள் அந்த நகரத்தில் அவர்கள் மரக்கன்று நட்டுக் கொண்டிருந்தார்கள். அவ்வழியே சென்ற ஒருவருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அல்லாஹ்வின் தூதருடைய தோழராகிய நீங்களா இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று கேட்டார். அவசரப்பட்டு விடாதீர் என்று அவரை நிறுத்திய அபுத்தர்தா (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதைச் சொன்னார்கள். ஒருவர் நட்டதிலிருந்து ஒரு மனிதனோ அல்லாஹ்வின் வேறு எந்தப் படைப்போ உண்டாலும், அது நட்டவருக்கு தர்மமாக எழுதப்படுகிறது என்பதே அந்தச் செய்தி. (நூல்: முஸ்னது அஹ்மத்)

அந்த வழிப்போக்கரின் கேள்வியை இன்று நம் வீடுகளிலும் கேட்கிறோம்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தந்தை என்னிடம் வந்தார். அவருடைய மகன் பட்டதாரி. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, நகரத்தில் வீடு வீடாகப் போய் மாடித்தோட்டம் அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பதையே தொழிலாக்கிக் கொண்டார். "ஹஜ்ரத், இவனைப் படிக்க வைத்தது மண் அள்ளுவதற்கா? நாளைக்குப் பெண் வீட்டார் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். சம்பாத்தியம் ஹலாலா? ஆம். தொழுகை தவறுகிறதா? இல்லை. யாரையும் ஏமாற்றுகிறாரா? இல்லை. "அப்படியானால் அவருக்கு நான் எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான்" என்றேன். அவரிடம் சொன்னதை இன்று நம் அனைவருக்குமாகச் சொல்கிறேன்.

*கையால் உழைத்த நபிமார்கள்*

தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். (நூல்: புகாரி) அரசராக இருந்த நபி தாவூத் (அலை). ஸகரிய்யா (அலை) அவர்களோ தச்சுத் தொழில் செய்தவர்கள் என்று முஸ்லிமில் வருகிறது. நபிமார்களின் கைகளுக்கே உழைப்பு இழிவாகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் எப்படி இழிவாகத் தெரிகிறது?

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் விடுதலையை நினைத்துப் பாருங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை 300 பேரீச்சங்கன்றுகளை நட்டு வளர்ப்பதும், 40 ஊக்கியா தங்கமும். நபி (ஸல்) அவர்கள் உதவி செய்யச் சொன்னதும், 30, 20, 15, 10 என்று தோழர்கள் இயன்ற கன்றுகளைக் கொண்டு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து குழி தோண்டினார்கள். பிறகு அண்ணலார் நேரில் வந்து, தம் முபாரக்கான கரங்களால் ஒவ்வொரு கன்றாகக் குழியில் வைத்தார்கள். ஒரு கன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். (நூல்: முஸ்னது அஹ்மத்) மண் அள்ளுவது மானக்கேடு என்பவர், அந்தக் குழிகளுக்கு அருகில் யார் நின்றார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

*இது அறிவு சார்ந்த தொழில்*

அன்பானவர்களே! செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். நனைந்த மண் எவ்வளவு கனம், அதை இந்தத் தளம் தாங்குமா? செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் எந்த அளவில் கலப்பது? தண்ணீர் தேங்கித் தளம் கசியாமல் இருக்கப் பையை எதன்மீது வைப்பது? சித்திரை வெயிலில் எதற்கு நிழல்வலை கட்டுவது? இத்தனையும் தெரிந்தவர்தான் தோட்டக்காரர். தேனீ வராத மாடியில் பூசணியும் சுரைக்காயும் பூத்துப் பூத்து உதிரும். ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் தொட்டு வைக்கும் பக்குவம் தெரிந்தவருக்கே அங்கே காய் கிடைக்கும்.

மதீனாவாசிகளும் பேரீச்ச மரங்களுக்கு இவ்வாறு கையால் மகரந்தம் சேர்ப்பவர்களாக இருந்தார்கள். அதுபற்றி நபி (ஸல்) அவர்கள் தம் எண்ணம் ஒன்றைச் சொல்ல, அவர்கள் அதைச் செய்யாமல் விட்டார்கள். அவ்வருடம் விளைச்சல் குறைந்தது. உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் அண்ணலார் பதிலளித்தார்கள். (நூல்: முஸ்லிம்) வஹீயைச் சுமந்த நபி (ஸல்) அவர்களே தோட்டக்காரர்களின் அனுபவ அறிவுக்கு இடம் கொடுத்திருக்கும்போது, நாம் எந்தத் தகுதியில் அதை ஏளனம் செய்வது?

இந்த அறிவை நம் முன்னோர்கள் ஒரு கலையாகவே வளர்த்தார்கள். ஸ்பெயினின் துலைத்துலா நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால், அந்நகரின் மன்னர் மஃமூனின் தோட்டத்தைப் பராமரித்தவர். 1085-ல் அந்நகரம் கைவிட்டுப் போனதும் இஷ்பீலியாவுக்குச் சென்று அங்கும் தோட்டம் வளர்த்தார். மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, சொந்த அனுபவத்திலிருந்தே நூல் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் அதே இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம், 34 அத்தியாயங்களில் 585 தாவரங்களைப் பற்றி எழுதினார். ஊரை இழந்த பிறகும் இப்னு பஸ்ஸாலோடு கூடவே போனது அவர் கையிலிருந்த தொழில்தான்.

*இத்தொழிலில் இருப்பவர்களுக்கு*

இத்தொழிலைத் தேர்ந்தெடுத்த வாலிபர்களே! உங்களுக்கும் மூன்று வார்த்தைகள்.

ஒன்று, அமானிதம். தளம் தாங்காது என்று தெரிந்தால் வேலை கைவிட்டுப் போனாலும் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். இரசாயன மருந்து தெளித்துவிட்டு இயற்கை விளைச்சல் என்று விற்காதீர்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைத்து வைக்கப்பட்டிருந்த ஈரத்தைக் கண்டபோது, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டு, பணிவு. விதைப்பது நீங்களா, முளைக்க வைப்பது நீங்களா என்று அல்வாகிஆ அத்தியாயத்தில் அல்லாஹ் கேட்கிறான். தன் இரு தோட்டங்களைப் பார்த்து இவை அழியவே அழியாது என்று பெருமையடித்தவனின் கதியைக் கஹ்ஃப் அத்தியாயத்தில் வெள்ளிதோறும் ஓதுகிறோம். பசுமையைப் பார்க்கும்போதெல்லாம் மாஷா அல்லாஹ் சொல்லிப் பழகுங்கள்.

மூன்று, தண்ணீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளூ செய்தவர்கள். இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அள்ளும் அளவுதான் அது. அந்த நபியின் உம்மத் குழாயைத் திறந்துவிட்டு நிற்கலாமா?

*மற்றவர்களாகிய நமக்கு*

தோட்டக்காரரிடம் முழு வேலையையும் வாங்கிக் கொண்டு, பேசிய கூலியில் நூறு இருநூறைப் பிடித்துக் கொள்பவர்கள் நம்மில் உண்டு. வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருக்கிறான். (நூல்: புகாரி) அந்த வழக்கில் யார் ஜெயிக்க முடியும்?

நம் பள்ளிவாசலையும் பாருங்கள். ஒவ்வொரு வக்திலும் ஒளூ செய்த தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது. அந்தத் தண்ணீரால் மறுபடி ஒளூ செய்ய முடியாதே தவிர, அது அசுத்தமல்ல. சோப்புத் தண்ணீர் கலக்காமல் ஒரு குழாய் போட்டுத் திருப்பிவிட்டால் வளாகத்தில் நாலு மரங்கள் வளரும். அந்த வேலையைத் தெரிந்த ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து ஒப்படைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறேன். ஸவாபுக்காகச் செய்து கொடுங்கள் என்று அவருடைய கூலியில் கை வைக்க வேண்டாம். ஸவாப் வேண்டுமென்றால் அந்தக் கூலியை நாம் கொடுப்போம்.

பெற்றோர்களே! கியாமத் நாள் வந்துவிட்ட நேரத்தில்கூட ஒருவர் கையில் ஒரு கன்று இருந்தால், முடியுமானால் அதை நட்டுவிடட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். (நூல்: அல்அதபுல் முஃப்ரத்) அந்தக் கன்று உங்கள் பிள்ளையின் கையில் இருந்தால் தட்டிவிடாதீர்கள். பெண் வீட்டார் கேட்டால் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்: என் மகன் தோட்டக்காரன், ஹலாலாகச் சம்பாதிக்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கை உழைப்பில் பரக்கத் செய்வாயாக! அவர்கள் நட்டதிலிருந்து பறவைகளும் மனிதர்களும் உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் ஸதகத்துல் ஜாரியாவாக ஏற்றுக் கொள்வாயாக! உழைப்பவரை இழிவாகப் பார்க்கும் நோயை எங்கள் உள்ளங்களிலிருந்து அகற்றுவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.