அம்பின் கூர்மையும் அடியானின் பொறுப்பும்

ஆகுமானதா, ஆகாததா என்று கேட்கிறோம். "ஆகுமானது" என்று விடை கிடைத்ததும் நம்மில் பலர் மனநிறைவு அடைந்துவிடுகிறோம். ஆகுமான ஒன்றை எவ்விதம் செய்வது என்ற இரண்டாவது கேள்வி நம் நாவில் எழுவதேயில்லை. அந்த இரண்டாவது கேள்வி எத்தனை கனமானது என்பதை விளங்கிக்கொள்ள வேட்டை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இந்தியாவில் வன உயிர்களை வேட்டையாடுவதை 1972ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் ஓஹையோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்று, அதற்குரிய பருவத்தில், குறுக்குவில்லால் வெள்ளைவால் மானை வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. அங்கு வாழும் முஸ்லிம்களிலும் வேட்டைக்குச் செல்வோர் உண்டு. துப்பாக்கியினுடையதைப் போன்ற கட்டையின் மேல் வில்லைக் குறுக்காகப் பொருத்தி, விசையை இழுத்ததும் அம்பு பாயும்படி அமைத்த கருவியே குறுக்குவில். அதற்கு எந்த முனையை வாங்குவது, அம்பு எத்தனை எடை இருக்க வேண்டும் என்பவை கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள்தாமே, இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம்.

மார்க்கத்துக்கு வேலை இருக்கிறது! கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் புதல்வர் அதீ (ரலி) அவர்கள் வேட்டையில் பழக்கமுள்ளவர்கள். மிஃராள் எனும் இறகில்லாத கனத்த அம்பைப் பற்றி அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். கூர்மையான பகுதி பட்டுக் காயமுற்றுச் செத்தால் உண்ணலாம். அகலவாட்டில் மோதிச் செத்தால் அது அடிபட்டுச் செத்த பிராணி, உண்ணலாகாது என்னும் கருத்தில் பெருமானார் விடையளித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். அடிபட்டுச் செத்ததைத் திருமறையின் 5ஆம் அத்தியாயம் 3ஆம் வசனமும் விலக்கப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஆகவே அம்பு முனையின் கூர்மை வெறும் வியாபார விஷயமன்று. இறைச்சி ஆகுமானதா என்பதே அதைப் பொறுத்திருக்கிறது.

அம்பு எவ்வாறு உயிரைப் போக்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அது அதிர்ச்சியால் கொல்வதில்லை. கத்தியைப் போல் நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அறுக்கிறது. இரத்தம் விரைந்து வெளியேறுவதால் உயிர் பிரிகிறது. மழுங்கிய அலகு குழாயைச் சீராக அறுக்காமல் ஒதுக்கித் தள்ளிவிடக்கூடும். அப்போது மான் ஓடி மறைந்து நெடுநேரம் துடிக்கும்.

அப்படியானால் அம்பின் எடையைக் கூட்டுவது பாரத்தால் கொல்வதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். ஆகாது. அங்கே எடை, கூர்மைக்குப் பணியாளாக இருக்கிறது. 400 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 26 கிராம் எடையுள்ள அம்பு விலா எலும்பில் பட்டாலும் அலகை உள்ளே செலுத்த வல்லது. மிகவும் இலேசான அம்பு வேகமாகப் பறந்தாலும் எலும்பில் பட்டதும் உந்துதலை இழக்கும். வில்லையே உடைத்துவிடும் அபாயமும் உண்டு. அதனாலேயே வில் செய்வோர் குறைந்தபட்ச எடையைக் குறித்துத் தருகிறார்கள். எடையை மிகவும் கூட்டினாலோ அம்பு மெதுவாகச் சென்று வழியிலேயே தாழும். இங்கும் நடுநிலையே நன்று.

முனைகளில் இரு வகை உண்டு. அலகு அசையாமல் நிற்பது ஒன்று; பட்டவுடன் விரிவது மற்றொன்று. முன்னது உறுதியானது. ஆனால் வேகமான வில்லில் அதன் அலகுகள் காற்றைப் பிடித்து அம்பைத் திசை திருப்பக்கூடும். ஆகவே முன்கூட்டியே எய்து சரிபார்க்க வேண்டும். பின்னது நேராகப் பறக்கும், அகலமாக வெட்டும். ஆயினும் விரிவதற்கே உந்துதலில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. எதைத் தேர்ந்தாலும், 100 கிரெய்ன் முனையில் பழகிவிட்டு 125 கிரெய்ன் முனையோடு வேட்டைக்குச் செல்லலாகாது. அம்பு படும் இடம் மாறிவிடும். பழகியதால் மழுங்கிய அலகை மாற்றாமல் எடுத்துச் செல்வதும் தகாது.

இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி வருகிறது. துளைத்துக் காயப்படுத்தினாலே சட்டத்தின் நிபந்தனை நிறைவேறிவிடலாம். ஆனால் அல்லாஹ் எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அழகிய முறையை, விதித்திருக்கிறான் என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் பெருமானார் அறிவுறுத்தியதை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சட்டம் கேட்பது கூர்மை. இஹ்ஸான் கேட்பதோ நம்மால் இயன்ற முழுக் கூர்மை!

தூரமும் இஹ்ஸானைச் சேர்ந்ததே. விநாடிக்கு 107 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு 36 மீட்டரைக் கடக்க மூன்றில் ஒரு விநாடி பிடிக்கும். நாணின் ஓசையோ பத்தில் ஒரு விநாடியில் மானின் காதை எட்டிவிடும். திடுக்கிட்ட மான் உடலைத் தாழ்த்தினால் நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு வேறிடத்தில் பாயும். பலகையில் 80 மீட்டரிலும் குறி தவறாதவர் காட்டில் அந்தத் தூரத்தை நாடலாகாது. உயிருள்ளதைக் குறிப்பலகையாக்குவோரைப் பெருமானார் சபித்திருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஹனஃபி சட்ட நூல்களில் நுட்பமான ஒரு விளக்கம் உண்டு. அறுக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்வது பிராணியின் மீது. வேட்டையிலோ அம்பின் மீது. ஓர் அம்புக்காக பிஸ்மில்லாஹ் சொன்னவர் அதை வைத்துவிட்டு வேறொன்றை எய்தால் மறுபடியும் சொல்ல வேண்டும். அல்லாஹ்வின் பெயரைச் சுமந்து செல்லும் அம்பு மழுங்கியதாக இருப்பது அடியானுக்கு அழகா?

எய்ததோடும் பொறுப்பு தீரவில்லை. உயிரோடு கைக்குக் கிடைத்தால் உடனே அறுக்க வேண்டும். தண்ணீரில் செத்துக் கிடந்தால் உண்ணலாகாது. கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாது. அடிபட்ட மானை விரட்டாதிருக்க அரை மணி நேரம் காத்திருப்பது வேட்டைக்காரர்களின் வழக்கம். தேடுவதைக் கைவிடலாகாது என்பது ஹனஃபி நூல்களின் நிபந்தனை. இவ்விரண்டையும் இணைத்து நடப்பது எவ்வாறு என்பதைத் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் வேட்டையைக் கொண்டு இறைநம்பிக்கையாளர்கள் சோதிக்கப்படுவதையும், மறைவிலும் இறைவனை அஞ்சுபவர் யார் என்பது அதனால் வெளிப்படுவதையும் திருமறையின் 5ஆம் அத்தியாயம் 94ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. இஹ்ராம் கட்டியவர்களுக்கான பின்னணியில் வந்த வசனமே ஆயினும் அதன் படிப்பினை விரிவானது. காட்டில் சாட்சி இல்லை. தூரம் அதிகம் என்று வில்லைத் தாழ்த்தியவரைப் பாராட்ட ஆளில்லை. காயப்படுத்திவிட்டுத் தேடாமல் வீடு திரும்பியவரைக் கண்டிக்கவும் ஆளில்லை. பார்த்துக்கொண்டிருப்பவன் ஒருவனே.

வில்லையே கண்டிராத நம் வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. பக்ரீதுக்கு முந்திய இரவில் கத்தியைத் தீட்டி வைத்தோமா? ஓர் ஆட்டின் கண்முன் மற்றொன்றை அறுக்காமல் இருந்தோமா? அறுப்பவருக்குப் பழக்கம் உண்டா என்று விசாரித்தோமா? கறி ஹலாலா என்று கேட்கும் நாம் இவற்றையும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஓர் உயிரை எடுக்க நமக்குக் கிடைத்திருப்பது அனுமதி, அதிகாரம் அன்று.

ஆகுமானதை அழகிய முறையில் செய்யும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.